எல்லைக்கல்லுக்கு ஒரு மெழுகுதிரி

மறிச்சுக்கட்டிப் பக்கத்துச் சேமக்காலையைத் துப்புரவாக்கும் அந்த அம்மாவுக்கு முழங்கைவரை சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருக்கும். யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனம் திரும்பி வந்தபோது, இது காட்டு நிலம் என்று சொல்லி வன இலாகாக் கந்தோர்க்காரர் கல்லறைகளுக்கு நடுவில் ஓர் எல்லைக்கல்லை நட்டிருந்தார்கள்.

கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு முதல்நாள் என் ஐயாவின் கல்லறையைப் பார்க்கப் போனேன். வரிசையாக வெள்ளையடித்து வந்த அம்மா, அந்த எல்லைக்கல்லுக்கும் அடித்து, கரியால் சிலுவை கீறினார்.

“இது கந்தோர்க் கல்லெல்லோ அம்மா?”

“சேமக்காலைக்குள்ளை நட்டா எனக்கு எல்லாம் கல்லறைதான். பிடுங்கினாத்தான் தம்பி குற்றம். வெள்ளையடிக்கிறதும் குற்றமோ?”

அந்த நேரம் பார்த்து ஜீப்பில் வந்திறங்கிய கந்தோர் உத்தியோகத்தர், “கல்லுக்கு ஆர் இதைப் பூசினது?” என்று அதட்டினார்.

அம்மா எழும்பவில்லை. இருந்தபடியே ஒரு மெழுகுதிரியை நீட்டினார்.

“நான்தான். உங்கடை கல்லைப் பார்க்க ஒருத்தரும் வாறேல்லை. இவ்வளவு வருசமும் நானே கொளுத்தினனான். இந்தமுறை நீங்கள் கொளுத்துங்கோ.”

அவர் ஒரு கையால் மெழுகுதிரியை வாங்கினார். மற்றக் கை தொப்பியைக் கழற்றியது.

பயத்தில் கழற்றினாரோ, பக்தியில் கழற்றினாரோ, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அம்மாவுக்கு அதைப்பற்றிக் கவலையே இல்லை. நெருப்புப் பெட்டியை அந்தக் கல்லின்மேல் வைத்துவிட்டு, வாளியோடு அடுத்த கல்லறைக்குப் போனார்.