ஈபிள் டவரும் மூன்று வீட்டுச் சாப்பாடும்

கோச் பஸ் லண்டன் விக்டோரியாவைத் தாண்டவில்லை, மீன்பொரியல் மணம் டிரைவர் வரைக்கும் போய்விட்டது.

அம்மா ஐஸ்கிரீம் டப்பாவில் கட்டித் தந்த புட்டும் பொரியலும்... கோச் முழுக்க யூனி மாணவர்கள். ஒவ்வொருவராக மூக்கைச் சுருக்கினார்கள். நானும் சுருக்கினேன். டப்பா என்னுடையதே இல்லை என்பதுபோல.

கடைசி வருஷம். மாணவர் சங்கம் போட்ட மலிவு விலைப் பாரிஸ் டிரிப். சனி, ஞாயிறு, ஹாஸ்டலில் அடுக்குக் கட்டில். தமிழர்கள் என்று பார்த்தால் மூன்றே பேர். நான், என் கூட்டாளி கிளெமென்ட், அப்புறம் எங்கள் வகுப்புக் கௌசி.

எல்லோரும் ஊர் பார்க்கப் போனார்கள். எனக்கு வேறு வேலை இருந்தது. ஈபிள் டவருக்குக் கீழே கௌசியை நிறுத்தி, முதல் வருஷத்திலிருந்து தொண்டையில் சிக்கிக் கிடந்த விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், அவளுக்கு டொரண்டோவில் ஒரு அக்கவுண்டன்ட் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். ஈஸ்டருக்குப் பெண் பார்க்க வருகிறானாம்.

"மச்சான், இந்த முறை விட்டியெண்டா, அவளின்ர கலியாணவீட்டில சோடா குடுக்கத்தான் நீ லாயக்கு" என்றான் கிளெமென்ட்.

லண்டனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் சனம் நிறைந்த அப்டன் பார்க்கில் ஒரு பெண்ணோடு நின்று கதைத்துப் பாருங்கள்... நீங்கள் வீடு போய்ச் சேருமுன் கதை போய்ச் சேர்ந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும். அதற்காகத்தான் கடல் கடந்தேன்.

ஒரே ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். ஹாஸ்டலில் தங்கப் போகிறோம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"என்ர தம்பி பாரிஸில இருக்க, நீ வாடகைக் கட்டிலில படுக்கிறதே? அவன் என்ன நினைப்பான்?"

உடனே ஒரு போன் கார்டு சுரண்டப்பட்டது. அம்மா மாமாவுக்குப் போன் எடுத்தார். மாமா கிளெமென்ட்டின் பெரியம்மாவுக்கு எடுத்தார். பெரியம்மா கௌசியின் அத்தைக்கு எடுத்தார். பாரிஸில் கோச் கதவு திறந்தபோது மாமா, பெரியம்மா, அத்தை மூவரும் வரிசையாக நின்றார்கள். மற்ற மாணவர்கள் மேப்பை விரித்தார்கள். எங்களை வேனில் ஏற்றினார்கள்.

எங்கள் சனத்திடம் ஒரு சட்டம் உண்டு. ஒரு வீட்டில் சாப்பிட்டால் எல்லா வீட்டிலும் சாப்பிட வேண்டும். ஒன்றை விட்டால் அந்தக் கோபம் மூன்று கொண்டாட்டம் வரைக்கும் நிற்கும்.

சனிக்கிழமை காலை மாமா வீட்டில் இடியப்பமும் சொதியும். மத்தியானம் அத்தை வீட்டில் ஆட்டிறைச்சி. அது இறங்குவதற்குள் பெரியம்மா வீட்டில் கணவாய்க் கறி.

"மாமா, ஈபிள் டவர்..." என்று மெதுவாக இழுத்தேன்.

"அது எங்க, மருமோன், ஓடப்போகுது? நாளைக்கும் அதிலதான் நிக்கும். நான் வந்து எத்தினை வருஷம், நானே இன்னும் போகேல்லை. இன்னொரு துண்டு போடும்."

ஞாயிறு காலை பெரியம்மா எங்களைத் தேவாலயத்துக்கு, பூசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பூசை முடிந்ததும் சாப்பாடு. பின்னேரம் கோச். அதற்கு முன்னால், வழியனுப்பும் சாப்பாடு என்று மாமி மறுபடியும் பிடித்துக்கொண்டார். டொரண்டோக்காரன் என் கண்ணுக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றான்.

புட்டுக் கோப்பையோடு பால்கனிக்குப் போனேன். பத்தோ பன்னிரண்டோ மாடி உயரம், கொடியில் மாமா இடுப்பில் கட்டும் சாரம். முதல் நாள் மூடியிருந்த பனி விலகி, தூரத்தில், என் சுண்டுவிரல் அளவில்... ஈபிள் டவர்!

மாமா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "உதுதான். பாத்தாச்சுத்தானே? இனி ஆறுதலாச் சாப்பிடும்."

அவர் உள்ளே போக, கௌசி வெளியே வந்தாள். இதுதான், வேறு வழியில்லை.

"கௌசி, உம்மட்ட ஒரு விஷயம்..."

"டவருக்குக் கீழ நிண்டு சொல்ல இருந்ததோ? கிளெமென்ட் கோச்சிலயே சொல்லிப்போட்டான்."

துரோகி!

"அப்ப... நீர் என்ன சொல்லுறீர்?"

"நீர் இன்னும் ஒண்டும் கேக்கேல்லையே."

கேட்டேன். வாயில் பாதிப் புட்டு இருந்தது. காதல் சொன்னவர்களில் விக்கிக்கொண்டே சொன்னவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவள் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "ஓம்" என்றாள்.

அந்த "ஓம்" காதில் இறங்குமுன் திரைச்சீலை ஆடியது. மாமி! கண்ணெல்லாம் தண்ணீர்.

"எட தம்பி, உதை உள்ளுக்கு வந்து சொன்னால் என்ன? எனக்குப் பாதிதானே கேட்டது! திருப்பி ஒருக்காச் சொல்லு!"

திருப்பிச் சொன்னேன். இந்தமுறை மாமா, பெரியம்மா, அத்தை, கிளெமென்ட் எல்லோருக்கும் முன்னால். அத்தை அப்போதே போனைத் தூக்கினார். கோச் விக்டோரியா வந்தபோது என் அம்மாவும் கௌசியின் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். டொரண்டோவுக்குத் தகவல் போய்விட்டிருந்தது.

இப்போது நாங்கள் லண்டன் இல்ஃபோர்டில். கலியாணம், வயதுக்கு வந்த பிள்ளைகளின் சாமத்தியவீடு என்று எத்தனையோ தடவை பாரிஸ் போய் வந்தாயிற்று. டவர் பக்கம் போக இன்றுவரை நேரம் கிடைக்கவில்லை. சாப்பிடவே நேரம் சரி.

போன மாதம் மகள் யூனி நண்பர்களோடு பாரிஸ் போனாள். மலிவு பிளைட், போனிலேயே ரூம் புக்கிங்.

"அப்பா, ப்ளீஸ், ஒரு சொந்தக்காரருக்கும் சொல்லவேண்டாம்."

சொன்னாலும், வேனோடு ஓடி வர யார் இருக்கிறார்கள்? மாமாவும் மாமியும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ.

டவருக்கு நேர் கீழே நின்று செல்பி அனுப்பினாள். ஓரத்தில் ஒரு பையனின் அரைக் காது. நானும் கௌசியும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். காது மட்டும்தான் பெரிதானது.

பாவம் பிள்ளை... அவன் ஏதாவது சொல்லியிருந்தால்கூட, ஒட்டுக்கேட்டு அழ அங்கே ஒரு மாமி இல்லையே.