மோந்து பார்க்க வந்த அக்கா

“…பொய் சொல்லி உங்கிட்ட எனக்கு என்னாடி ஆவப்போவுது? நாறுச்சுன்னா நாறுதுன்னுதான் சொல்லுவேன். நவுந்து படு.”

கட்டிலருகே நின்று இப்படி அதட்டிய அக்கா, மஞ்சக்குப்பம் தெருக்களில் மீன் விற்பவர். கட்டிலில் கிடந்த அம்மாவும் அதே தெருக்களில் கூடை சுமந்தவர்தான். வாடிக்கையை இழுத்துக்கொண்டதாக இரண்டு பேருக்கும் காலமெல்லாம் சண்டை. அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய், புண் உடைந்துவிட்டது. இனி வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது என் வேலை. போகிற வீட்டில் எல்லாம் பேச்சுக் கேட்பது என் ஆசை.

கீரப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தையை வாசற்படி தாண்ட அம்மா விடவில்லை.

“மீன் நாத்தம் கழுவுனா போயிடும். இது நானே நாறுறேன். பச்சப்புள்ள என்னை இப்படியா மோந்து வைக்கணும்?” என்று என்னிடம் கேட்டார்.

நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி தினமும் புண்ணைக் கழுவி, மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டினேன். சில நாளில் வாடை அடங்கியது. சொன்னால் அம்மா நம்பினால்தானே!

“நீ நல்லவ, நல்லதாத்தான் சொல்லுவ. பெத்த பொண்ணும் வேற என்ன சொல்லும்? அவளக் கூப்புடுங்க. அவ வாயில என்னைப் பத்தி நல்ல வார்த்தை வந்ததே இல்ல. அவ சொன்னா நம்புறேன்.”

அப்படித்தான் அந்த அக்கா, கூடையை வெளியே இறக்கி வைத்துவிட்டு, புடவையில் செதில் ஒட்டியிருக்க உள்ளே வந்தார். அம்மா நகர்ந்து படுத்ததும் நான், “தள்ளி நின்னே பாருங்கக்கா” என்றேன்.

“தள்ளி நின்னு எவ மீன மோந்து பாப்பா?”

செவுளைத் தூக்கி மீனைப் பார்க்கிறவர் மாதிரி, மூக்குத்தி கட்டுத்துணியில் உரசக் குனிந்து, கண்ணை மூடி மூச்சை இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். அம்மா அசையவே இல்லை. மகள் வாசற்படியில் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். எத்தனையோ பேரின் கடைசி மூச்சுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன்; எனக்கு உடம்பு சிலிர்த்தது அன்றைக்குத்தான். சண்டைக்காரி என்பதாலேயே ஒருத்தியை நம்பித் தன் உடம்பை அவள் மூக்குக்குக் கொடுத்திருந்தார் அந்த அம்மா. அந்த மூக்கும் அவசரப்படவில்லை.

அக்கா நிமிர்ந்தார். “மருந்து வாடை அடிக்குது. வேர்வை கொஞ்சம் ஜாஸ்தி. வேற ஒண்ணும் இல்ல.”

“சத்தியமா?”

“நீ வித்த மீனுக்கு நீ எவ்வளவோ தேவலடி.”

அம்மா சிரித்தார், சிரிப்பு இருமலாகி அடங்கியது. அக்கா யாரையும் எதுவும் கேட்கவில்லை. வெளியே போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். செதில் படாமல் மாரில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, மகளிடமிருந்து குழந்தையை வாங்கி வந்து, புண் இல்லாத பக்கமாக அம்மாவின் தோளில் சாய்த்துப் படுக்கவைத்தார்.