இரண்டு முறை இழுத்த கைப்பிடி

மணியனுக்குத் துப்பாக்கி என்றால் பயம். அந்தப் பயம் முற்றிப்போய்த்தான் அவர் வீட்டிலேயே தோட்டா செய்ய ஆரம்பித்தார்.

சுடுவது அவர் மனைவி தென்றல். ஆபீஸில் எல்லோரும் ஒருநாள் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போனார்கள்; மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள், தென்றல் மட்டும் மறுவாரமும் போனாள். இப்போது மாதாமாதம் பிஸ்டல் போட்டி. மணியன் தடுக்கவில்லை, இன்டர்நெட்டில் தேடினார். யாரோ ஒருவன் கையில் கடைத் தோட்டா வெடித்த படம் வந்தது. முகம் தெரியாத ஒருவன் வெடிமருந்து நிரப்பியதை நம்பி என் மனைவி விசையை இழுப்பதா என்று கேட்டுக்கொண்டார். அவருடைய உத்தியோகமும் அப்படிப்பட்டது: இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில், அடுத்தவர் எழுதிய சாஃப்ட்வேரைச் சந்தேகப்படுவதற்குச் சம்பளம்.

டெக்சஸில், அவர்களுடைய ஃபிரிஸ்கோ வீட்டு கராஜில் ஒரு மிஷின் வந்து உட்கார்ந்தது. வட்டமான தட்டில் காலிப் பித்தளைக் குப்பிகள் நிற்கும். கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு குப்பியில் மருந்து விழும், மருந்து விழுந்த முந்தைய குப்பியின் வாயில் ஈயக் குண்டு உட்காரும். பிறகு தட்டை ஒரு கட்டம் திருப்ப வேண்டும். தானாகத் திரும்பும் மிஷின்களும் உண்டு. மணியன் தானாக நடக்கும் எதையும் நம்புவதில்லை. கையால் திருப்புவதைத்தான் வாங்கினார். திருப்ப மறந்து இன்னொரு முறை இழுத்தால் அதே குப்பியில் இரண்டு பங்கு மருந்து விழும். வழியாது, வெளியே தெரியாது. சுடும்போது துப்பாக்கி கையிலேயே பிளக்கும். விரல் போகலாம், கண் போகலாம். அதனால் குப்பிக்குள் எட்டிப் பார்க்க மிஷின்மேல் ஒரு குட்டி விளக்கும் மாட்டி வைத்திருந்தார்.

இவ்வளவு எச்சரிக்கையையும் ஆயுத பூஜை வந்து கவிழ்த்தது.

மாயவரத்திலிருந்து வந்திருந்த மாமியார் அபயாம்பாள் லேப்டாப், மிக்ஸி, கார் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு கராஜுக்கு வந்தார். மணியன் பாதி வேலையில் இருந்தார். கற்பூரம் என்ற சொல்லைக் கேட்டதுமே மருந்து டப்பாவை மிஷினிலிருந்து கழற்றித் துணி துவைக்கும் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, கற்பூரத்தை வாசலில், டிரைவ்வேயின் கடைசியில்தான் ஏற்றவேண்டும் என்று கறாராகச் சொன்னார். மாமியார் ஒத்துக்கொண்டு, மிஷினுக்கும் அந்தக் குட்டி விளக்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். கார் எலுமிச்சம்பழத்தின்மேல் ஏறி இறங்கியது. அதன் பிறகு அவர் சொன்னார்:

"மாப்ளை, காரை ஓட்டினீங்கல்ல, இதையும் ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. இல்லன்னா குறையா நிக்கும்."

கற்பூரம் அணைந்ததை இரண்டு தடவை பார்த்துவிட்டு, டப்பாவைத் திரும்ப மாட்டி, மணியன் கைப்பிடியைப் பக்தியோடு ஒருமுறை இழுத்தார். பூஜை போட்ட ஆயுதத்தை அதற்குமேல் தொடக்கூடாது என்பது வீட்டு வழக்கம். தட்டைத் திருப்பாமலே உள்ளே போனார். மறுநாள் விஜயதசமி, நல்ல நேரத்தில் வேலையைத் தொடங்கினார். அதாவது கைப்பிடியை இழுத்தார். விளக்கின்மேல் சந்தனம் காய்ந்து அப்பியிருந்ததால் குப்பிக்குள் இருட்டு.

சனிக்கிழமை போட்டி. இந்த வருடத்துப் பட்டியலில் தென்றல் பெண்களில் முதலிடத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். மணியன் வழக்கம்போலக் காதுக்குள் பஞ்சும் காதுக்கு மேல் சத்தம் தடுக்கும் மஃப்பும் மாட்டிக்கொண்டு, பார்க்கிங்கில் ரேஞ்சுக்கு முதுகைக் காட்டி நின்றார். சும்மா நிற்கப் பிடிக்காமல் காரின் பானெட்டில் காய்ந்திருந்த குங்குமத்தை நகத்தால் சுரண்டினார். கார், எலுமிச்சம்பழம், ஓட்டிக் காட்டுங்க, கைப்பிடி. அங்கே நகம் நின்றது. இழுத்தேன், சரி. தட்டைத் திருப்பினேனா?

கை கைப்பிடியிலிருந்து நேராகக் கும்பிடப் போனது ஞாபகமிருந்தது. தட்டுக்குப் போனது ஞாபகமில்லை.

நினைவு தெரிந்த நாளிலிருந்து ஓடாத மணியன் ஓடினார். தென்றல் தடுப்புகளுக்கு நடுவே சுட்டுக்கொண்டே நகர்ந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் கை முழுதாக இருக்கிறதா என்று பார்த்தார். இந்த நாட்டில் பதினான்கு வருடம் மீட்டிங் பேசிய இங்கிலீஷ் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

"தென்றல், சுடாத! கீழ வை!"

சுற்றியிருந்த டெக்சஸ்காரர்கள் யாருக்கும் புரியவில்லை. புரியவேண்டிய ஒருத்திக்குப் புரிந்தது. விரலை விசையிலிருந்து எடுத்தாள். துப்பாக்கியைக் காலி செய்தாள். மீதி இலக்குகள் சுடாமல் நின்றதால் அந்தச் சுற்றின் புள்ளிகள் போயின, அத்தோடு முதலிடத்துக்கான வாய்ப்பும் போயிற்று. வெள்ளைத் தாடி ரேஞ்ச் ஆபீசர் விஷயத்தைக் கேட்டு, மணியனைத் திட்டாமல் தோளில் தட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஃப்ரீவேயில் கார் ஏறியதும் தென்றல் கேட்டாள்.

"ஷ்யூரா சொல்லு மணி. திருப்பினியா, இல்லையா?"

"திருப்பலன்னுதான் நினைக்கறேன்."

"நினைக்கறியா? அந்த நினைப்புக்கா நான் மேட்சை விட்டேன்?"

இல்லாத ஒன்றுக்காக அவளை நிறுத்தியிருந்தால் அவள் மன்னிக்கமாட்டாள். இருந்திருந்தால் அவர் தன்னை மன்னிக்கமாட்டார். வீடு வரும்வரை இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுவது என்று தெரியாமலே காரை ஓட்டினார்.

கராஜில் தோட்டாக்களைப் பிரிக்க உட்கார்ந்தார்கள். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் உண்டு. தோட்டாவை அதன் தலைக்குள் வைத்துத் தரையில் அடித்தால் குண்டும் மருந்தும் கழன்று விழும். தென்றல் அடித்தாள், மணியன் ஒவ்வொரு அடிக்கும் துள்ளினார். ஒவ்வொன்றிலும் ஒழுங்கான சிறு குவியல். தோட்டா டப்பா காலியாகக் காலியாக அவள் அடி பலத்தது. அதில் கோபம் இருந்தது.

பிறகு ஒன்றைக் காகிதத்தில் கொட்டினாள். குவியல் இரண்டு மடங்கு உயரத்தில் நின்றது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். தென்றல் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வலது கையை விரித்து மூடினாள்.

"அடுத்த சுற்றுக்கு இந்த டப்பாலேர்ந்துதான் லோட் பண்ணியிருப்பேன்" என்றாள்.

காபியோடு வந்த அபயாம்பாள் விஷயத்தைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பொட்டு வைத்ததால்தான் நேரத்துக்கு ஞாபகம் வந்தது என்றார். வினை வந்ததும் அதே பூஜையால்தான் என்று சொல்ல மணியனுக்கு வாய் வரை வந்தது. ஆனால் இரண்டும் உண்மையாக இருந்ததால் காபியைக் குடித்தார்.

இனிமேல் கடைத் தோட்டாவே வாங்கிக்கொள், என் கையை நானே நம்பமாட்டேன் என்று அன்று இரவே தென்றலிடம் சொல்லிவிட்டார்.

"கடைக்காரன் என் கையை நினைச்சு இவ்வளவு பயப்படுவானா?" என்று கேட்டாள் அவள்.

மிஷின் கராஜிலேயே இருக்கிறது. அடுத்த ஆயுத பூஜைக்குத் தட்டைக் காலி செய்து, மருந்து டப்பா இல்லாமல்தான் அதற்குப் பொட்டு. ஒவ்வொரு டப்பாவிலும் முதல் தோட்டாவை மணியனே சுட்டுப் பார்க்கிறார். அது நன்றாக இருந்தால் மற்றவையும் நன்றாக இருக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அவருக்கும் அது தெரியும்.

பிறகு பார்க்கிங்குக்குப் போய் முதுகைத் திருப்பிக்கொள்கிறார். காதில் மஃப் மட்டும் உண்டு, ஒவ்வொரு வெடியும் கேட்கட்டும் என்று பஞ்சை எடுத்துவிட்டார். ஒவ்வொரு வெடிக்கும் உடம்பு தூக்கிப்போடுகிறது. அதைவிட மோசம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சத்தமே இல்லாத அந்தக் கொஞ்ச நேரம்.