பர்மிட் ரூம்

செம்பூரில் எங்கள் காலனி முனையில் ஒரு பார் உண்டு. முப்பது வருஷம் எதிர்ப்பக்கமாகவே நடந்து அதைக் கடந்திருக்கிறேன். கறுப்புக் கண்ணாடிக் கதவு, மேலே ‘பர்மிட் ரூம்’ என்று போர்டு; மும்பையில் பழைய பார்களுக்கெல்லாம் அந்தப் பெயர்தான். உள்ளே என்னதான் இருக்கும் என்று எனக்கு எப்போதுமே ஒரு குறுகுறுப்பு. போன வருஷம் அதை இடித்துப் புதுப்பித்தார்கள். பழைய போர்டை மட்டும் அழகுக்கு விட்டுவைத்து, மேடை போட்டு, ஞாயிறு மாலைகளில் பாட்டு வைத்தார்கள். அந்த மேடையில் என் மகள் பாடப்போகிறாள் என்று தெரிந்ததும் குறுகுறுப்பு பத்து மடங்கானது.

வங்கி வேலையைப் பாட்டுக்காக விட்டதிலிருந்து அவள் அப்பா அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

“அம்மா, நீயாவது வா. அப்பா வரமாட்டா, தெரியும்” என்றாள் போனில்.

அவரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். “ஏன்னா, ஒரு நடை போய்க் கேட்டுட்டு வந்துடலாமா?”

“போர்டைப் பார்த்தியோ? பர்மிட் இல்லாம எப்படி உள்ள போறது?”

நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு. அணுசக்தி நகரில் வேலை பார்த்த காலமெல்லாம் பாஸ் இல்லாமல் ஒரு கேட்டைத் தாண்டாத மனிதர்தான். அதற்காகப் பெற்ற பெண்ணின் பாட்டுக்குமா?

ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகவே போனேன். லைம் சோடா சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக வேடிக்கை பார்த்தேன். பக்கத்து மேஜைப் பெண்ணின் கிளாஸில் கறிவேப்பிலை மிதந்தது. ரசத்தை இப்படியும் விற்கலாம் போலிருக்கிறது. மகள் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோது வாசலில் ஏதோ சலசலப்பு.

இஸ்திரி போட்ட சட்டையில் என் வீட்டுக்காரர், காவலாளியிடம் ஒரு காகிதத்தை நீட்டிக்கொண்டிருந்தார். “அங்கிள், இஸ்கி ஜரூரத் நஹீ, ஆப் ஜாயியே” என்று, அதெல்லாம் வேண்டாம், உள்ளே போங்கள் என அவன் கெஞ்சுகிறான். இவர் அவன் படித்துப் பார்க்காமல் நகருவதாக இல்லை.

நான் போய் வாங்கிப் பார்த்தேன். மது அருந்த அரசாங்கம் கொடுக்கும் பர்மிட், அவர் பெயரில். இருமல் மருந்தையே மோந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்கிற ஆள்! அதுவும் ஆயுட்காலத்துக்கு. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“ஒரு நாளைக்கு மட்டும் தரமாட்டானா?”

“தரான். ஏன், அவ ஒரு நாளைக்குத்தான் பாடப்போறாளா?”

என்னால் அதற்குமேல் சிரிக்க முடியவில்லை. மேடையிலிருந்து அவள் அவரைப் பார்த்துவிட்டாள். முதல் வரியை இரண்டு தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது.