மரத்துக்கு ஒரு வசனம்

கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ரயில்வே காலனியில் போய்ப் பூங்கோதை வீடு எது என்று கேட்டால் இன்றைக்குச் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். ஒரு காலத்தில் அவளுக்குப் பெயரே கிடையாது. ‘ஏழுமலை வீட்டு ஊமை’ என்பார்கள். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்க, அதை விட்டுவிட்டு இப்படிக் கூப்பிட இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்களோ! அவள் காதில் விழாது என்ற தைரியம், வேறென்ன?

மூன்று வயதில் வந்த காய்ச்சலில் காது போனது. காது போனதும் பேச்சும் தங்கவில்லை. அப்பா ஏழுமலை காட்பாடிப் பக்கத்துக்காரர், யார்டில் பாயிண்ட்ஸ்மேன். பெட்டிகளைப் பிரிப்பதும் சேர்ப்பதும் அவர் வேலை. என்ஜின் ஒரு கோடியில் இரையும், இவர் மறுகோடியில் நிற்பார், வாயால் கத்தி ஒரு பயனும் இல்லை. எல்லாம் கைதான். கையை மார்புக்குக் குறுக்கே இப்படியும் அப்படியும் வீசினால் ‘என்னிடம் வா’. மேலும் கீழும் அசைத்தால் ‘தள்ளிப் போ’. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினால் ‘நில்’. இருட்டிவிட்டால் அதையே கைவிளக்கின் பச்சையாலும் சிவப்பாலும் சொல்வார்.

இதை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எட்டு வயதில் கொல்லைச் சுவர்மேல் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அவளாகவே பிடித்துக்கொண்டாள். ஒருநாள் ஏழுமலை டியூட்டி முடிந்து வந்தால், வாசலில் தம்பி உத்தமன் என்ஜினாகக் கூவிக்கொண்டு நிற்கிறான். அக்காக்காரி அவனை முன்னே பின்னே ஓட்டி, அரிசி மூட்டையில் இடிக்காமல் ஒரு சாண் இடைவெளியில் நிறுத்துகிறாள். மனுஷன் சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு அதுவே பாஷை. சாப்பிட வா, கடைக்குப் போ, அடுப்பைத் தொடாதே எல்லாம் சிக்னலில் நடந்தது. ஆனால் ஏழுமலை ஒரு கண்டிப்பு வைத்திருந்தார்: வாசல்படி தாண்டிச் சிக்னல் கூடாது. கூட வேலை பார்த்த மாரியப்பனுக்கு ஒரு தப்புச் சைகையால் இரண்டு பெட்டிக்கு நடுவில் கால் போனதைக் கண்ணால் பார்த்தவர் அவர். “அது விளையாட்டு இல்ல கண்ணு, உசிரு” என்று காலைக் காட்டி, கழுத்தைக் காட்டிப் புரியவைத்திருந்தார். அதனால் வெளியே அவள் கையைக் கட்டிக்கொண்டுதான் நடப்பாள். ஊமை என்ற பெயர் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எழுபத்தொன்பதாம் வருஷத் துர்கா பூஜையில், நவமி சாயங்காலம் நாற்பது நிமிஷம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு என்று பூஜைக் கமிட்டி ஒதுக்கியது. கூட்ஸ் ஆபீஸ் கிளார்க் வாஞ்சிநாதன் உடனே நாடகம் எழுத உட்கார்ந்துவிட்டான். இருட்டு ராட்சசன் ஒருவன் கல்கத்தாவின் கரண்டையெல்லாம் விழுங்கி, பாதாளத்தில் ஏழு ரயில் பெட்டிகளில் அடைத்து வைத்திருக்கிறான். இளவரசன் போய் அவனை வென்று வெளிச்ச ரயிலை மீட்டு வருகிறான். தினம் நாலு மணி நேரம் லோட்ஷெடிங் என்ற மின்வெட்டில் வெந்துகொண்டிருந்த ஊருக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்?

ஸ்டேஷன் மாஸ்டர் மகன் பத்மநாபன் இளவரசன். கரியாஹாட் நடைபாதைக் கடையில் வாங்கிய ஜிகினாக் கிரீடம் அவனுக்கு. உத்தமன் என்ஜின். அவன் பின்னால் பெட்டிகளாக ஏழு பொடிசுகள், கடைசிப் பெட்டி ஆறு வயசுப் பாப்பா. ஆளுக்கு ஒரு அட்டைப்பெட்டி உடம்பில், அதற்குள் கறுப்புத் துணி மூடிய அரிக்கேன் விளக்கு. பூங்கோதைக்குப் பதினாறு வயது. அவளுக்கு மர வேஷம்.

அவளுக்கு வேஷம் கிடைத்த சந்தோஷம் ஒரே நாளில் போய்விட்டது. ஒத்திகையில் எல்லார் வாயும் அசைகிறது. பாப்பாகூட “கூ” என்கிறாள். உத்தமனிடம் கற்ற எழுத்தில் ஒரு சீட்டு எழுதி வாஞ்சிநாதனிடம் நீட்டினாள்: ‘எனக்கும் ஒரு வசனம் வேணும். ஒண்ணு போதும்.’

வாஞ்சிநாதன் கெட்டவனில்லை, யோசிக்காதவன். படித்துவிட்டுச் சிரித்தான். “மரத்துக்கு ஏதும்மா வசனம்?”

அவன் உதட்டைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ஒட்டி வைத்திருந்த காகித இலைகளையெல்லாம் பிய்த்துப் போட்டாள். அம்மா சாவித்திரி தலையில் அடித்துக்கொண்டு, ராவோடு ராவாகப் பசை காய்ச்சித் திரும்ப ஒட்டினாள்.

நவமி வந்தது. பந்தலில் எள் விழ இடமில்லை. வங்காளிகள், தெலுங்கர்கள், பீகாரிகள் எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். டிரைவர்களும் கார்டுகளும் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது, ஆனாலும் பார்ப்போம் என்று வந்த கூட்டம். மைக்கில் வாஞ்சிநாதன் விசில் ஊதினால் ரயில் மேடைக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. பிள்ளைகள் மேடைக்குப் பின்னால் ஒரு சாய்வுப் பலகையில் வரிசையாகக் காத்திருந்தார்கள். ஒன்றரை முழ அகலம், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, கீழே ஆள் உயரப் பள்ளம்.

பத்மநாபன் வாளை ஓங்கி, “ஏ இருட்டே!” என்றான். கேட்டதுபோல் இருட்டு வந்துவிட்டது. லோட்ஷெடிங்! மைக் செத்தது. அம்மன் முன்னால் இருந்த அகல்விளக்குகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. “ஆலோ! ஆலோ!” என்று விளக்குக் கேட்டுக் கூட்டம் கூச்சல் போட்டது. பெட்ரோமாக்ஸ் கொண்டுவர யாரோ ஓடினார்கள். பத்மநாபன் கத்திய வசனம் பக்கத்தில் நின்ற ராட்சசனுக்கே கேட்கவில்லை. வாஞ்சிநாதன் ஊதிய விசிலும் அந்தச் சத்தத்தில் கரைந்தது.

பூங்கோதைக்குக் கூச்சல் ஒரு பொருட்டில்லை. அவள் கண் பின்பக்கம் போனது. பயந்துபோன பொடிசுகள் துணியை விலக்கியிருந்தார்கள். அட்டைக்குள் எரியும் ஏழு விளக்குகள் பலகைமேல் முட்டி மோதிக்கொண்டிருந்தன. உடம்பில் மாட்டிய அட்டையால் ஒருத்தருக்கும் தன் கால் தெரியாது. பாப்பாவின் விளக்கு ஓரத்துக்குப் போய்ப் போய் வந்தது. விழுந்தால் மண்ணெண்ணெயும் அட்டையும் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மரம் மேடையிலிருந்து குதித்தது. டியூட்டி முடிந்து நேரே வந்து மேடை ஓரமாக நின்ற அப்பாவிடம் ஓடிக் கையை நீட்டினாள். அவர் கையில் கைவிளக்கு.

ஏழுமலை தலையை ஆட்டினார். வெளியில் கூடாது. எட்டு வருஷமாகச் சொல்லிவந்த சொல். அவள் அவர் தாடையைப் பிடித்துப் பலகைப் பக்கம் திருப்பினாள். அப்போதுதான் அவர் பார்த்தார். “டேய் உத்தமா, நகராதடா!” என்று உயிர்போகக் கத்தினார். யாருக்குக் கேட்டது? ஏறி ஓடலாமென்றால் அந்தப் பலகை அவர் கனத்தையும் சேர்த்துத் தாங்காது. பிள்ளைகளுக்கு எதிரே தெரியும் இடம் மேடை நடு ஒன்றுதான். அங்கே யார் நின்று கைகாட்டினால் உத்தமன் மறுயோசனை இல்லாமல் கேட்பான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

விளக்கை மகள் கையில் கொடுத்தார்.

அவள் மேடை நடுவில் போய் நின்று முதலில் சிவப்பைக் காட்டினாள். உத்தமன் சின்ன வயதிலிருந்தே அவள் சைகைக்கு நின்று பழகினவன். அவன் நின்றதும் பின்னால் இருந்தவர்களும் நின்றார்கள். ரயில்வே வீட்டுப் பிள்ளைகள் அல்லவா! பாப்பாவின் விளக்கு ஆடுவது அடங்கும்வரை அவள் அசையவில்லை. பிறகு விளக்கின் தலையைத் திருகிப் பச்சை. மார்புக்குக் குறுக்கே, மெதுவாக, இப்படியும் அப்படியும்.

என்னிடம் வா.

ஏழு விளக்குகள் இருட்டிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஏறி வந்தன. கூட்டத்தில் கூச்சல் எப்போது அடங்கியது என்று யாரும் கவனிக்கவில்லை. மேடைக்கு வந்த ரயில் வந்த வேகத்தில் முன்விளிம்பை நோக்கிப் போனது. இன்னும் ஓரடிதான் பாக்கி. அவள் சட்டென்று சிவப்பை வீசினாள். உத்தமன் நின்றான், ரயிலும் நின்றது. முன்வரிசையில் இருந்த சீனியர் டிரைவர் பிமல்பாபுவின் வலது கை தன்னையறியாமல் இல்லாத பிரேக்கைப் பிடித்து இழுத்து, பக்கத்தில் இருந்த சம்சாரத்தின் டீயைத் தட்டிவிட்டது. அந்த அம்மாள் திட்டியதும் அவர் காதில் ஏறவில்லை.

பச்சை, மேலும் கீழும். ரயில் நாலடி பின்வாங்கி, கிரீடம் கோணிப்போய் நின்ற இளவரசன் பக்கத்தில் பத்திரமாக நின்றது. அதற்குள் கூட்டம் கதையைக் கையில் எடுத்துக்கொண்டது. அவள் கை ஒவ்வொரு தடவை அசையும்போதும் யார்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக்காரிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அதைத் தங்கள் தங்கள் பாஷையில் சொன்னார்கள். வங்காளியில், தெலுங்கில், ஹிந்தியில் ஒரே வசனம் பந்தல் முழுக்க ஓடியது. வாஞ்சிநாதன் எழுதிய எந்த வசனத்துக்கும் அந்த யோகம் இல்லை.

கடைசியில் பச்சையை நெஞ்சுக்கு நேரே அசையாமல் பிடித்தாள். எல்லாம் சரி, வண்டி போகலாம். டிரைவர்கள் விரலை வாயில் வைத்து விசிலடித்து ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்தார்கள். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்காது. ஆனால் இருட்டில் நூறு கைகள் உயர்ந்து அவளுக்குப் பதில் சிக்னல் காட்டியதைப் பார்த்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். காகித இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

பெட்ரோமாக்ஸ் வந்தது. வாஞ்சிநாதன் நோட்டைத் திறந்து, ‘மரம்’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு ‘கதாநாயகி, பூங்கோதை’ என்று எழுதி, அதை அவள் முன்னால் தூக்கிப் பிடித்தான். மறுவருஷம் நாடகத்தை எழுதியதே அவளோடு உட்கார்ந்துதான். அவள் கண்டிஷன் ஒன்றே ஒன்று: மரத்துக்கும் வசனம் வேண்டும்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்குப் பிமல்பாபு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மேடையண்டை வந்தார். “கார் மேயே?” என்றார். யார் பெண் இது?

ஏழுமலை சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். “ஆமார் மேயே” என்றார். என் பெண். இந்த ஊருக்கு வந்த பத்து வருஷத்தில் அவ்வளவு சத்தமாக அவர் வங்காளி பேசி யாரும் கேட்டதில்லை.

யாரோ பின்னாலிருந்து, “அந்தப் பொண்ணு பேசாதுல்ல?” என்றார்கள்.

ஏழுமலை திரும்பினார். மகள் கையிலிருந்த விளக்கை வாங்கவில்லை, அது அவள் கையிலேயே இருக்கட்டும் என்று விட்டிருந்தார்.

“இம்மா நேரம் பந்தலே வாயப் பொளந்து கேட்டுக்கினு இருந்துச்சே, அது இன்னாவாம்?”