சுங்குடியில் வந்த அலை

பொறியியல் கல்லூரியில் பதினெட்டு வருடமாக நான் நடத்துவது ஒரே பாடம்: ஒரு சமிக்ஞையை எத்தனை இடத்தில் தொட்டுப் பார்த்தால் அது முழுசாகத் திரும்பக் கிடைக்கும். படத்தைச் சிறிதாக்குவதும் அதில் அடக்கம். "முதலில் மங்கலாக்கு, பிறகு சுருக்கு" என்று பலகையில் எழுதிப் போட்டு, அதை மறந்தவர்களுக்கு இரக்கமே இல்லாமல் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன்.

என் மனைவி திருநகர் வீட்டிலிருந்தே இணையத்தில் சுங்குடிச் சேலை விற்க ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. "படம் பெருசா இருக்கு, பக்கம் தொறக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் சின்னதாக்கிக் குடுங்களேன்" என்றாள். இதற்குப் போய் ஒரு பேராசிரியரா என்ற மிதப்பில், காபி ஆறுவதற்குள் ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். எட்டு பிக்சலுக்கு ஒன்றை வைத்துக்கொள், மீதி ஏழையும் தூக்கி எறி. மங்கலாக்கும் வேலையை விட்டுவிட்டேன். வீட்டில் யார் மதிப்பெண் போடப் போகிறார்கள்?

சேலை முழுக்க ஒரே இடைவெளியில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். எட்டில் ஒன்றை மட்டும் பொறுக்கியதில் சில புள்ளிகள் மாட்டின, சில தப்பின. மாட்டியவையெல்லாம் சேர்ந்து சின்னப் படத்தில் அகலமான அலைகளாகச் சாய்ந்து ஓடின. மங்கலாக்கியிருந்தால் புள்ளிகள் கரைந்து வெறும் நிறம் தெரிந்திருக்கும்; அழகு குறைவு, ஆனால் பொய் இல்லை. எனக்கு அது தெரிந்தது. பார்க்க நன்றாக இருந்ததால் அப்படியே விட்டேன்.

கோச்சடையிலிருந்து ஒரு அம்மாள், மகள் வளைகாப்புக்கு உறவுப் பெண்கள் ஒரே மாதிரி கட்டவென்று பன்னிரண்டு சேலை கேட்டார். மனைவிக்கு அதுதான் முதல் பெரிய ஆர்டர். சேலை போய்ச் சேர்ந்த அன்றே போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, படத்துல அம்புட்டு அழகா அலை ஓடுச்சு. வந்தது பூராம் புள்ளியா கெடக்கு. பன்னெண்டையும் திருப்பி எடுத்துக்கிருங்க."

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. அந்த அலை குறைவாக மாதிரி எடுத்ததால் வந்த மாயத்தோற்றம் என்று அவள் காதில் கிசுகிசுத்தேன். ஒரு பார்வை பார்த்தாள். எந்த மாணவனும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"அக்கா, சேலை நல்ல சேலைதான்க்கா. படம் போட்டுக் குடுத்தவருக்குத்தான் வெவரம் பத்தாது."

அந்தப் பக்கம் குரல் இறங்கியது. "அப்படியா? பாவம், படிக்காத ஆளா இருக்கும். ரொம்ப வையாதம்மா. புள்ளியும் லட்சணமாத்தான் இருக்கு, நாங்களே கட்டிக்கிர்றோம்."

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. பன்னிரண்டு சேலையும் தப்பித்ததே என்று, படிக்காத ஆளாகவே வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.