ஈரத் தரையில் மூன்று கால்கள்

அன்று அந்தக் கிள்ளான் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: சவப்பெட்டிக்குள் வீட்டுக்காரர். தலைமாட்டில் அவர் மனைவி. மூத்த மகள். இளைய மகள். காலையில்தான் விமானத்தில் வந்து இறங்கிய மகன். எதிரே நான், என் கேமரா, பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய மூன்று கால் ஸ்டாண்டு.

கடைசியாக ஒரு குடும்பப் படம் வேண்டும் என்றார்கள். வெளிச்சம் போதவில்லை. ஃபிளாஷை எடுத்தேன். அவர் மனைவி, அந்த அக்கா, தடுத்தார்.

"வேணாம் தம்பி. அவருக்குக் கண்ணு கூசும்."

ஃபிளாஷைத் திரும்பப் பையில் வைத்தேன். ஃபிளாஷ் இல்லையென்றால் ஷட்டர் அரை நொடி திறந்திருக்க வேண்டும். அந்த அரை நொடி கேமரா அசையக் கூடாது. அதற்குத்தான் ஸ்டாண்டு.

எண்ணெய், சீயக்காய் வைத்து அவரை அங்கேயே குளிப்பாட்டியிருந்தார்கள். தரை ஈரம். ஒரு படம் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் சரியாகத்தான் தெரிந்தது. "ஓகே," என்றேன். பெட்டியை மூடினார்கள். தூக்கினார்கள்.

சுங்கை வேயில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தேன். எல்லா முகமும் இரண்டிரண்டாக இருந்தது. ஸ்டாண்டின் ஒரு கால் ஈரத்தில் வழுக்கியிருக்கிறது. பெட்டியை மூடிய பிறகு திரும்ப எடுக்க முடியாது.

படத்தைக் கேட்டார்கள், அப்படியே கொடுத்தேன். பதினாறாம் நாள் போனேன். அந்தப் படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, மாலை போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். மூடியிருந்த இமை இரண்டு கோடாக விழுந்திருந்தது. நடுவில் வெள்ளை.

"பாருங்க தம்பி," என்றார் அந்த அக்கா. "முழிச்சிக்கிட்டு இருக்காரு."

நான் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கண்கள் என்னோடு வந்துவிட்டன. மோட்டார் சைக்கிளில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது வரும். பேக்டரியில் பெட்டி அடுக்கும்போது வரும். வேறு வீட்டில் படம் எடுத்தாலும் கேமராவுக்குள் முதலில் அவைதான் தெரியும். மூன்று வருடம். யாரிடமும் சொல்லவில்லை.

போன மாதம் மூத்த மகள் கூப்பிட்டார். அம்மாவுக்கு இருதய ஆபரேஷன். தம்பி இரண்டு நாள் லீவில் வருகிறான். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு படம் வேண்டுமாம். அதே கூடத்தில்.

"நீங்கதான் எடுக்கணுமாம் அங்கிள். ஃபிளாஷ் மட்டும் வேணாமாம்."

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "பாதிக்குப் பாதி," என்றார்.

அடுத்த நாள் பிரிக்பீல்ட்ஸ் போனேன். மாடியில் கேமராக் கடை. கடைக்காரர் ஒரு கார்பன் ஃபைபர் ஸ்டாண்டைக் கையில் கொடுத்தார். விலை நானூற்று ஐம்பது வெள்ளி.

"தூக்கிப் பாருங்க அண்ணே. வெயிட்டே தெரியாது."

"ரொம்ப லேசா இருக்கே."

"லேசா இருக்கறதுக்குத்தானே காசு லா."

கால்களை முழுசாக நீட்டி, உச்சியில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன். கடைசித் தண்டு விரல்போல மெலிசு. ஒரு கால் மெதுவாக உள்ளே இறங்கியது.

"பாஸ், கேமரா வைக்கப் போறீங்களா, மாமியார உக்கார வைக்கப் போறீங்களா?"

அடுத்தது அலுமினியம். முந்நூறு. கனமாக இருந்தது. அழுத்தினேன், இறங்கவில்லை. என் கேமராவை மேலே வைத்து, காலை விரலால் சுண்டிவிட்டுத் திரையைப் பார்த்தேன். படம் ஆடி அடங்க நேரம் பிடித்தது. அந்தக் கிள்ளான் வீட்டு வாசலில் துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் ஓயாது. தரை அதிரும்.

கடைசியாகப் பெரிய கார்பன். தடித்த கால், காலுக்கு மூன்றே தண்டு, அடியில் அகலமான ரப்பர். சுண்டினேன். உடனே அடங்கியது. என் பையிலிருந்த தண்ணீர் போத்தலைத் திறந்து தரையில் ஊற்றி, அதன் மேல் நிறுத்தித் தள்ளினேன்.

கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். "என்ன அண்ணே இது?"

"தரை ஈரமா இருந்தா?"

"எங்க வச்சி எடுக்கப் போறீங்க?"

இன்னும் பலமாகத் தள்ளினேன். கால் நகரவில்லை. விலை கேட்டேன். ஆயிரத்து முந்நூற்று ஐம்பது வெள்ளி. என் அரை மாதச் சம்பளத்துக்கு மேல். மோட்டாருக்கு டயர் மாற்ற வைத்திருந்ததும் அதில்தான் போக வேண்டும். அலுமினியத்தை ஒரு தடவை திரும்பப் பார்த்தேன். பழைய ஸ்டாண்டு அறுபது வெள்ளி. மலிவு என்றுதான் அன்று வாங்கினேன்.

பணத்தை எண்ணி வைத்தேன். துடைக்கத் துணி கேட்டு, தரையை நானே துடைத்தேன்.

ஞாயிறு காலை போனேன். தரை காய்ந்துதான் இருந்தது. பெட்டி இருந்த இடத்தில் நாற்காலி போட்டு அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. பின்னால் மூன்று பிள்ளைகள். அவர்களுக்கு மேலே சுவரில் அவர்.

ஸ்டாண்டை நிறுத்தினேன். பூட்டுகளை இறுக்கினேன். வார்த்தை தானாக வந்தது.

"அக்கா, அந்தப் படம் அவரு முழிச்சதில்ல. என் ஸ்டாண்டு வழுக்கிருச்சி. நான் சரியா பாக்காம ஓகேன்னு சொல்லிட்டேன்."

மகன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா என்னையே பார்த்தார்.

"தெரியும் தம்பி. எம்மவன் அன்னிக்கே சொல்லிட்டான்."

"அப்புறம் ஏன் மாட்டினீங்க?"

"நல்லா இருக்கறது ஐசி அடையாளக் கார்டு படம் ஒண்ணுதான். அதுல மொறைக்கிறாரு. இதுல என்னைப் பாக்குறாரு." மூச்சு வாங்கிக்கொண்டார். "அவர வுட்டுறாதீங்க. அவரும் உள்ள வரணும். இந்தத் தடவ ஆடாம எடுங்க. நான் கண்ண மூட மாட்டேன்."

லோரி ஒன்று போனது. காத்திருந்தேன். எடுத்தேன்.

ஓகே என்று சொல்லவில்லை. அவர்களை அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டுத் திரையில் ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கினேன். அக்கா. மூத்தவள். இளையவள். மகன். எல்லாம் தெளிவு. பிறகு சுவருக்கு நகர்த்தினேன். மாலையின் பூக்கள்கூட ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

திறந்திருந்த கண்களை எண்ணினேன்.

பத்து.